தலையில்லாத கருடன்

பறக்கிற பறவையைப் படம் எடுப்பது எப்படி என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் விவரம் தெரிந்தவர்கள் அதிகம். வெறும் வானத்தைப் படம் எடுப்பது எப்படி என்று கேட்டால் நாள் முழுக்கச் சொல்வேன். மூலையில் வால் ஒட்டிக்கொண்டிருக்கும் வானம், ஓரத்தில் அரை இறகு தெரியும் வானம், பறவை வந்து போன தடயமே இல்லாத சுத்தமான வானம் என்று எல்லா ரகத்திலும் நான் எடுத்திருக்கிறேன். கூடலூரில் எனக்கு பிலிம் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் மலையாளி. கவரை என் கையில் கொடுக்கும்போதெல்லாம், "சாரே, இதும் ஆகாசம் தன்னே" என்பார். பத்தியம் இருந்தும் சர்க்கரை இறங்காத நோயாளியிடம் வைத்தியர் பேசுகிற குரல் அது.

அப்போது நான் நெல்லியாளத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் குமாஸ்தா. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே காட்டைத் திருத்திப் போட்ட தோட்டம். செடிகள் இடுப்புக்கு இன்னும் வந்திருக்கவில்லை. தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மீதிப் பாதிக்கு அடிக்கப்போவதாகக் கோப்பு இருந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து போன என்னை அங்கே எல்லோரும் 'கிளாக்கரையா' என்றார்கள். இலங்கைத் தோட்டங்களில் ஆபீஸ்காரருக்கு அதுதான் பெயராம். என் அப்பா வைத்த பெயர் ஐந்து வருஷம் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் உபயோகப்படவில்லை.

காமிரா என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒரு துரை. பக்கத்துத் தனியார் எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குத் திரும்பியவர், பங்களாச் சாமான்களை ஏலத்தில் விட்டார். மேஜை நாற்காலியெல்லாம் போட்டி போட்டுப் போனபின், நீள மூக்கு லென்ஸ் வைத்த ஒரு காமிராவும் அட்டை கிழிந்த ஒரு பறவைப் புத்தகமும் கேட்பாரற்றுக் கிடந்தன. நான் அந்த மாதம் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். நிறையப் படிப்பவனுக்குத் தன்னால் எதையும் செய்ய முடியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வாங்கிவிட்டேன்.

உட்கார்ந்திருக்கும் பறவையை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் உட்கார்ந்திருப்பதை யார் வேண்டுமானாலும் எடுப்பார்களே என்று தோன்றியது. பறக்கும்போதுதான் எடுப்பேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பறவை வரும். நான் காமிராவைத் தூக்குவேன். ஒரு கண்ணை மூடுவேன். பல சமயம் தவறான கண்ணை. அதைத் திறந்து மற்றதை மூடி, லென்ஸைத் திருகி, மங்கல் தெளிந்து, விரல் விசையை அழுத்தும் நேரத்தில் பறவை கேரள எல்லையைத் தாண்டியிருக்கும்.

பழகிக்கொள்வதற்காக வீட்டுக் கோழியை நாடினேன். என் மனைவி வளர்த்ததில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோழி. வாசற்படியின் மேல் நின்று அவள் அதை வீச வேண்டும். கீழே நின்று நான் எடுக்க வேண்டும். மூன்று எண்ணியதும் வீசச் சொன்னால் அவள் இரண்டிலேயே வீசிவிடுவாள்.

"ஏனுங்க, இது முட்டை வெக்கற கோழிங்க. இப்படி வீசி வீசிப் போட்டா அது அப்பறம் இந்த ஊட்டுப் பக்கம் வருமுங்களா?"

"இதெல்லாம் ஒரு கலை. உனக்குப் புரியாது."

"கலை நல்லதுதானுங்க. நாளைக்கு முட்டைக்கு நீங்க ஒக்காந்துக்குங்க."

ஒரு மாதத்தில் கோழி நன்றாகப் பறக்கக் கற்றுக்கொண்டது. நான்தான் அப்படியே இருந்தேன்.

இந்த நிலையில்தான் மூன்றாம் லயத்து அம்மாள் ஒரு கடுதாசியோடு ஆபீசுக்கு வந்தார். கொழுந்து பறிப்பவர். என் வயதுதான் இருக்கும். கை செடியில் எவ்வளவு வேகமாக ஓடுமோ அதே வேகத்தில் வாயும் ஓடும். நான் மலையில் காமிராவோடு நிற்பதைப் பார்த்தால், "கிளாக்கரையா, குருவி அந்தாண்ட போயிருச்சு, நீங்க இந்தாண்ட யாரத் தேடுறீங்க?" என்று நிரையில் பறிக்கும் பெண்கள் எல்லோர் காதிலும் விழக் கேட்பவர். அன்று சத்தமில்லாமல் வந்து நின்றார்.

கடுதாசி அவர் தங்கையிடமிருந்து. தங்கை குடும்பம் இன்னும் இலங்கையில், அவர்கள் எல்லோரும் பிறந்த அதே தோட்டத்தில் இருந்தது. நான்தான் படித்துக் காட்டினேன்.

'அக்கா, நீ நல்லா இருக்கேன்னு எழுதியிருக்க. இந்த லயத்துக்கு இந்தியாவுலேருந்து அஞ்சு கடுதாசி வந்திருக்கு. அஞ்சுலயும் ஒரே எழுத்து, ஒரே நலம். எல்லாரும் ஒரே மாதிரியா நல்லா இருப்பாங்களான்னு இவர் கேக்குறார். போனவங்கெல்லாம் ரோட்டுல கெடக்குறதா இங்க பேச்சு. பாஸ்போட்டு வந்திருச்சு, கப்பலுக்குப் பேர் குடுக்கணும். இவர் மாட்டேங்குறார். வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பொழைக்கலாங்குறார். நீ ஒரு படம் புடிச்சு அனுப்பு. கடையில போய்ப் புடிக்காத. நீ நிக்கிற எடம் தெரியணும்.'

ஐந்து கடுதாசியையும் எழுதியவன் நான். 'இங்கு யாவரும் நலம், அங்கு தங்கள் நலம் அறிய ஆவல்' என்பதை அழகான கையெழுத்தில் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக எழுதியிருந்தேன். பிற்காலத்தில் நான் கதை எழுத ஆரம்பித்தபின் என் நடையைப் பற்றி வந்த எந்த விமரிசனமும் அந்தக் கடுதாசி அளவுக்குக் குத்தியதில்லை.

"எங்களுக்கு அடுத்த காம்பரா காலியா இருக்கு ஐயா," என்றார் அம்மாள். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு விடுகிற அறை. "மேனேஜர் தொரைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். ஆனி வரைக்கும் வேற ஆளு போட மாட்டாங்களாம். வவுனியாக் காட்டுக்குப் போயிட்டா அவள நான் இனிமே எங்க போய்ப் பாக்குறது? நீங்கதான் ஒரு படம் எடுத்துத் தரணும்."

"ஞாயிற்றுக்கிழமை," என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

பிலிம் அப்போது லேசில் கிடைக்காது. முப்பத்தாறு படம் எடுக்கும் சுருள் ஒன்று வாங்க, ஸ்டுடியோக்காரரிடம் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். காமிராவில் இருந்த சுருளில் கடைசி ஆறை அந்தக் குடும்பத்துக்கென்று ஒதுக்கினேன். மனதார ஒதுக்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் கிளிக் கூட்டம் ஒன்று ஆபீசுக்கு மேலே மூன்று தடவை வட்டமடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணிப் பார்த்தபோது ஒன்று மிச்சம் இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு படம் போதாதா, கல்யாணத்துக்குத் தாலி ஒன்றுதானே என்று ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

எட்டுப் பேர் தயாராக நின்றார்கள். அம்மாள், அவர் வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், மாமியார், வீட்டுக்காரரின் தம்பி, தம்பி மனைவி. வீட்டுக்காரர் கப்பலில் கொண்டுவந்த கறுப்புக் கோட்டை வேட்டிக்கு மேல் போட்டிருந்தார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவார். கோட்டுப் போட்ட நாளில் அதுவும் கிடையாது. எல்லோரையும் எங்கே நிறுத்துவது என்பதை அம்மாள்தான் முடிவு செய்தார்.

"செடி தெரியணும். இந்தப் பக்கம் லயத்துக் கூரை தெரியணும். அத்த, நீங்க பைப்புக்கிட்ட நில்லுங்க. பைப்பு தெரியணும்."

"பைப்பு எதுக்குடி?"

"தண்ணி வாசல்லயே வருதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? கையால புடிச்சுக்கங்க. இல்லாட்டி வரைஞ்சு வச்சதுன்னு சொல்லுவாரு தங்கச்சி வீட்டுக்காரரு."

மாமியார் பைப்பைப் பிடித்துக்கொண்டார். நான் அளந்து, திருகி, மூச்சைப் பிடித்தேன். "யாரும் அசையாதீங்க. இங்கயே பாருங்க."

அந்த நேரத்தில் என் தலைக்கு மேலே ஒரு நிழல் வந்தது. ஓரக் கண்ணால் பார்த்தேன். கருடன். செம்மண் நிறச் சிறகை விரித்து, வெள்ளை மார்பு வெயிலில் பளபளக்க, கூரை உயரத்தில், இறக்கை அசைக்காமல், ஒரு மாட்டு வண்டி போகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக நான் கேட்ட வரம். காமிராவில் இருப்பது ஒரு படம்.

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக நடந்துகொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கருடனை விட்டேன். காமிராவைக் குடும்பத்தின் மேலேயே வைத்து அழுத்தினேன். அழுத்தும்போது அந்த மாதிரிக் காமிராவில் ஒரு நொடி ஒன்றும் தெரியாது, இருட்டிவிடும். இருட்டு விலகியபோது எட்டுப் பேரும் கையைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் பரவசம்.

"பாத்தீங்களா ஐயா? கருடன்! படம் புடிக்கிற நேரத்துல வந்து நின்னுச்சு. என் தங்கச்சி வந்துருவா, பாத்துக்கங்க."

பத்து நாள் கழித்துக் கூடலூருக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் கவரை உடனே நீட்டாமல் எழுந்து நின்றார்.

"சாரே, ஆரா மரிச்சது?"

"யாரும் சாகலையே."

அவர் படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அன்றுவரை நான் எடுத்ததில் அவ்வளவு துல்லியமான படம் கிடையாது. செடி தெரிந்தது, கூரை தெரிந்தது, பைப்பு தெரிந்தது. எட்டுப் பேரும் வானத்தைப் பார்த்தபடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மாமியாருக்கு ஒரு கை பைப்பில், மறு கை கன்னத்தில்.

கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வது நம் வழக்கம். அதை நேரில் பார்த்தால் பக்தி. படத்தில், கருடன் இல்லாமல், கை கன்னத்தைத் தொட்ட அந்த ஒரு நொடியை மட்டும் பார்த்தால் அது இழவு வீடு. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கப்பலேற வேண்டியவர்களுக்கு நாங்கள் அனுப்ப வைத்திருந்தது இந்தப் படம்.

இதைக் கொடுக்க வேண்டாம், அடுத்த சுருள் வரட்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மாளின் வீட்டுக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டினார். பேசாத மனிதரிடம் பொய் சொல்வது கஷ்டம், அதை நுழைக்கப் பேச்சு கிடைக்காது. கவரைக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்து, தலையை ஆட்டி, உள்ளே வைத்தார். அவர் கண்ணுக்கு அதில் கருடன் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில், நான் முன்னமே எழுதிக் கொடுத்திருந்த கடுதாசியோடு சேர்த்துத் தபாலில் போட்டுவிட்டார். கடுதாசியில் நான் எழுதியிருந்த வரி: 'இத்துடன் எங்கள் படம். அனைவரும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோம் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும்.'

சித்திரை முடிவதற்குள் பதில் வந்தது. இந்தத் தடவை சுருக்கம். 'அக்கா, யார் செத்தது? பிள்ளைங்க மூணும் படத்துல இருக்கு, அத்தை இருக்காங்க, அப்போ யாரு? மறைக்காத. இவர் கப்பலும் வேணாம் ஒண்ணும் வேணாங்குறார். வைகாசி முடியறதுக்குள்ள பேர் குடுக்கணும்.'

அம்மாள் கடுதாசியை வாங்கி மடித்து இடுப்பில் செருகினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கருடன் வந்துச்சுன்னு எழுதுங்க."

"எழுதலாம். நம்புவாங்களா?"

"நீங்க எழுதினா நம்ப மாட்டாங்கதான்." அதில் கிண்டல் இல்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

"வேற ஒரு படம் எடுத்துரலாம், எல்லாரும் சிரிச்சபடி," என்றேன்.

"அது சரியா வராது ஐயா. மொதப் படத்துல அழுதுட்டு ரெண்டாம் படத்துல சிரிச்சா, சொல்லிக் குடுத்துச் சிரிக்கிறாங்கன்னு சொல்லுவாரு. அந்தக் கருடனக் காட்டணும். நாங்க எதப் பாத்துக் கையத் தூக்குனோம்னு தெரியணும். நீங்கதான் பறக்குறத எடுக்குற ஆளாச்சே?"

தோட்டத்தில் அப்படி ஒரு பேச்சு இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

கூடலூர் ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சினேன். விஷயத்தைக் கேட்டதும் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சுருளை எடுத்துக் கொடுத்தார். "இதும் ஆகாசம் ஆக்கருதே சாரே," இதையும் வானமாக்கிவிட வேண்டாம் என்று கைகூப்பினார். வைகாசி பிறந்துவிட்டது. அந்தப் பக்கம் மழை பிடித்தால் மூன்று மாதத்துக்கு வானம் என்று ஒன்று கிடையாது. அதை நான்கூடப் படம் எடுக்க முடியாது.

கருடன் எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. பறவைப் புத்தகத்தில் தேடினால் சீமையில் அது இல்லை என்ற தகவல் கிடைத்தது. நிரையில் நிற்கும் பெண்களுக்கு அது அத்துப்படி. மூடுபனி விலகி வெயில் ஏறியதும், பத்து மணிக்கு, கீழே வயலிலிருந்து எழும்பி ஏழாம் நம்பர் மலையை ஒட்டி மேலே வருமாம். மலை என்றால் அவர்கள் பாஷையில் தேயிலைச் சரிவு. மேனேஜரிடம் செடி எண்ணப் போவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் ஏழாம் நம்பரில் போய் நின்றேன். என் பக்கத்தில் அம்மாள், அதற்கப்பால் இருபது பெண்கள், முதுகில் கூடையோடு.

பத்து மணி சுமாருக்கு யாரோ, "வருது, வருது!" என்று கத்தினார்கள். சரிவின் கீழே இருந்து கருடன் எழுந்தது. நான் நின்ற மேட்டுக்கு நேராக, என் கண் மட்டத்தில், நேரே என்னை நோக்கி வந்தது. வெயில் என் முதுகுப் பக்கம். இதற்கு மேல் கடவுளால் ஒருவனுக்குச் செய்ய முடியாது. இருபது பெண்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

இரண்டு கையாலும். காமிரா கழுத்துக் கயிற்றில் தொங்கி வயிற்றில் இடித்தது. ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்துப் பழக்கியது. கருடன் என்றால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். புத்தி அதற்குப் பின்னால்தான் வந்து சேரும். கருடன் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிற்று. பிறகு இருபது பேரும் செடி மேல் சாய்ந்து சிரித்தார்கள்.

"நல்லாப் பக்தி ஐயா உங்களுக்கு," என்றார் அம்மாள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாளும் அதேதான். கையைக் காமிராவோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன். கருடன் வந்ததும் வலது கை மட்டும் தப்பித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அடக்கினேன். அடக்குகிற கவனத்தில் அழுத்த மறந்துவிட்டேன். கருடனை வணங்காமல் விட்டோமே என்று அன்று முழுவதும் மனசு ஒரு மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் மனைவி, "ரெண்டு வேலைக்கு ரெண்டு ஆளு வேணுமுங்க," என்றாள். காலையில் அதையே நான் அம்மாளிடம், என் யோசனை மாதிரிச் சொன்னேன்.

"சரி. நீங்க எடுங்க ஐயா. உங்க பங்குக்கு நான் போட்டுக்கிறேன்."

"அது செல்லுமா?"

"கோயிலுக்குப் போக முடியாதவங்களுக்கு நாம போட்டுக்கிறதில்லையா? செல்லும் செல்லும். அதோட இன்னொண்ணு. ரெண்டு வருஷமாப் பாக்குறேன். குருவி போய்க்கிட்டே இருக்கு, நீங்க அமுக்குறப்ப உங்க கை நின்னு போயிருது. கொழுந்தக் கூடைக்குள்ள போடுறப்ப நாங்க கைய நிறுத்துறோமா? அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும், போற போக்குலயே விழுந்துரும். நிறுத்துனா நாள் பூராவும் ஒரு கூடை ஆகாது."

இரண்டு செடிக்கு நடுவில் நின்று பறித்துக் காட்டினார். கை செடியில் ஓடி, நிறைந்து, தோளுக்கு மேல் போய், திரும்பி வந்தது. எந்த இடத்தில் கொழுந்தை விட்டார் என்று தெரியவில்லை. நான் காமிராவை வைத்துக்கொண்டு காற்றில் அப்படியே வீசிப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. "உடம்பு பூராவும் திரும்பணும் ஐயா, கழுத்து மட்டும் திரும்புறதுக்கு நீங்க என்ன ஆந்தையா?" என்றார். நிரை மறுபடியும் சிரித்தது. நான் இருபது தடவை திரும்பினேன்.

அன்று கருடன் தாமதமாக வந்தது. தெற்கே மேகம் திரண்டிருந்தது. நான் அதைக் கீழேயே பிடித்து, கூடவே மேலே வந்தேன். என் காதுக்குப் பக்கத்தில் அம்மாள் தன் கன்னத்தில் ஒருமுறை போட்டுக்கொண்டார், அது அவருக்கு. பிறகு இன்னொரு முறை, சத்தமாக, அது எனக்கு. என் கை எங்கும் போகவில்லை. கருடன் தலைக்கு மேல் வந்தபோது, காலைத் தொங்கவிட்டு, எதையோ பார்த்து இறங்கப் போகிற மாதிரிச் சிறகைத் தூக்கிற்று. அழுத்தினேன். சுருட்டி மறுபடி அழுத்தினேன். திரும்பிக்கொண்டே அழுத்தினேன். கடைசியில் சமநிலை தவறி ஒரு தேயிலைச் செடியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

ஸ்டுடியோக்காரர் இந்தத் தடவை கடைக்கு வெளியே வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். "சாரே! பட்சி! பட்சி உண்டு!" தேறியது ஒரே ஒரு படம். பறவை தெளிவாக இருந்தது. மார்பின் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். தொங்கும் இரண்டு கால், விரித்த நகம், தூக்கிய சிறகு. தலை மட்டும் படத்துக்கு வெளியே போயிருந்தது.

"தல எவிடே?" என்றார் அவர்.

"அது முன்னாடியே போயிருச்சு," என்றேன்.

தலை இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, உலகத்தில் கருடனைத் தெரியாதவர்கள் உண்டா என்று அம்மாள் சொல்லிவிட்டார். கடுதாசியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நலம் என்ற வார்த்தை இல்லாமல் நான் எழுதிய முதல் கடுதாசி அது. 'இதத்தான் பாத்தோம். வேற ஒண்ணும் இல்ல. யாரும் சாகல. வா.'

பிறகு பதிலே வரவில்லை. வைகாசி போயிற்று. ஆனி பிறந்தது. பக்கத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்கு ஒதுக்கும் காகிதம் என் மேஜைக்கே வந்தது. அதை நான் மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் மேலே வந்துவிட்டது. மறுபடி அடியில் வைத்தேன். அரசாங்க ஊழியனாக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மலையில் அம்மாள் என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்தியிருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனி மாதம் பாதியில், கொட்டுகிற மழையில், ஒரு லாரி வந்து லயத்துக்குக் கீழே நின்றது. மூட்டைகள் இறங்கின. ஒரு தையல் மிஷின் இறங்கியது. ஒரு ஆள், ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். மூன்றாம் லயத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. தங்கையைக் கட்டிக்கொண்டு மழையிலேயே நின்றார். வீட்டுக்காரர் போய்த் தையல் மிஷினுக்குக் குடை பிடித்தார்.

நானும் என் மனைவியும் சாயங்காலம் பார்க்கப் போனோம். காமிராவை மழைக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டுதான் போனேன். இன்னொரு படம் கேட்பார்கள் என்ற நினைப்பு.

"இவருதான் அந்த ஐயா," என்றார் அம்மாள்.

தங்கை வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தக் கோழிப் படம் அனுப்புனது நீங்கதானா?"

"கோழியா?"

அவர் பெட்டியிலிருந்து படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். நான் அதை அவர் கண்ணால் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில், தலையில்லாமல், காலைத் தொங்கப்போட்டுச் சிறகடித்துக்கொண்டு, அது கோழிதான். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது நம்மூட்டுதுங்களா?" என்றாள்.

"அக்கா கருடன்னுதான் எழுதியிருந்துச்சு," என்றார் அவர். "கருடனுக்குத் தலை இருக்கும்னு எனக்குத் தெரியும். சரி, இம்புட்டுக் கோழி வளக்குறாங்க, பறக்க விட்டுப் படம் புடிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். கோழியெல்லாம் எங்க?"

அப்படியானால் என் கோழிதான் அவர்களைக் கப்பல் ஏற்றியது என்று சொல்லிச் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து மற்றப் படத்தை எடுத்தார். எட்டுப் பேர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நிற்கும் படம். நாலாக மடித்து மடித்துத் தேய்ந்திருந்தது.

"இவரு கோழிங்குறாரு ஐயா. நான் அதப் பாத்து வரல. இதத்தான் தெனம் எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். கன்னத்துல கை வச்சிருக்காங்களே, என்ன ஆச்சோன்னுதான் மொதல்ல அழுதேன். அப்புறம் ஒரு நா பாத்தா, கை வைக்கக் கன்னம் இருந்துச்சு. எட்டுப் பேருக்கும் இருந்துச்சு. அத்தைக்குக்கூட."

அப்போதுதான் நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அந்த இரண்டு பிள்ளைகளின் ஒட்டிப்போன முகத்தையும். அந்த வருஷம் அங்கே தோட்டங்களில் பஞ்சம், கோதுமை மாவு கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்குக்கும் அடிதடி என்று கேள்விப்பட்டிருந்தேன்.

என் மனைவி மழையில் இறங்கிப் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள், முந்தானைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு. அந்தக் கறுப்பு வெள்ளைக் கோழி. தங்கை வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

"வெச்சுக்குங்க. நல்லா முட்டை வெக்குமுங்க. மூணு எண்ணாம மட்டும் பாத்துக்குங்க."

அவர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்தார். கோழி ஒரு உதறு உதறியது. கையிலிருந்து எகிறி, காம்பராக் கதவைத் தாண்டி, மழைக்குள், லயத்துக் கூரையைப் பார்த்துப் பறந்தது. இவ்வளவு நாள் பயிற்சி வீண் போகவில்லை. பிள்ளைகள் இருவரும் கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். என் கை மழைக் கோட்டுக்குள் காமிராவைத் தேடியது.

"கிளாக்கரையா," என்றார் அம்மாள், பழைய குரலில், லயம் முழுக்கக் கேட்க. "இதையாவது தலையோட எடுங்க."